ஆட்டம் இல்லாத ஆட்டம்!

டொராண்டோவில் போய் இறங்கிய மறுநாளே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

"தம்பி, இங்க ஆரோடயும் என்னவும் கதையுங்கோ. மே மாசம் பதினெட்டாம் தேதியைப் பற்றி மட்டும் கேட்டுப்போடாதேங்கோ."

சொன்னவர், என் அண்ணன் குடியிருக்கும் வீட்டுக்காரர். ஸ்கார்பரோ பகுதியில் சொந்த வீடு. மேலே அவரும் அவர் மனைவியும். கீழே பேஸ்மென்ட்டில் மாத வாடகைக்கு என் அண்ணன். மூன்று மாத விசாவில் அண்ணன் தலையில் வந்து விழுந்த தம்பியாக அடியேன். வருஷம் 2025, ஜூன் முதல் வாரம். யாழ்ப்பாணத்திலிருந்து 1988-ல் கனடா வந்த அவரை அந்தத் தெருவே 'அண்ணை' என்றுதான் கூப்பிடுகிறது. மூன்றாம் நாளிலிருந்து நானும்.

கேட்காதே என்றால் கேட்பதுதானே நம் ஜாதகம்? கேட்டேன்.

மே 18, 2025. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, புளோரிடா பாந்தர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்ற தினம். அதுவும் சொந்த மைதானத்தில். கோபத்தில் ரசிகர்கள் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஐஸ் மேலேயே விட்டெறிந்தார்கள். அந்தச் சட்டை ஒன்றின் விலையில் நம் ஊரில் தீபாவளிக்குக் குடும்பத்துக்கே துணி எடுத்துவிடலாம்!

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு அரை நிமிஷப் பாடம். பனித்தளம். காலில் ஸ்கேட்ஸ். பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதில் 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. மெதுவடை சைஸ், நடுவில் ஓட்டை மட்டும் கிடையாது. அடித்தால் எந்தப் பக்கம் போனதென்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஜெயிப்பவருக்கு ஸ்டான்லி கோப்பை. மேப்பிள் லீஃப்ஸ் அதைப் பதின்மூன்று தடவை வாங்கியிருக்கிறது. கடைசியாக வாங்கியது 1967-ல். நம் ஊரில் அறிஞர் அண்ணா முதலமைச்சரான வருஷம்! அப்போது லீகில் மொத்தமே ஆறு டீம்கள்தான். இப்போது முப்பத்திரண்டு.

"சரி அண்ணை, சீசன் முடிஞ்சு போச்சே. இனி அக்டோபர் வரைக்கும் நிம்மதியா இருக்கலாமே?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"விசர்க்கதை கதைக்கிறீங்கள் தம்பி. இப்பதானே விளையாட்டே தொடங்குது."

அது எப்பேர்ப்பட்ட உண்மை என்பது அந்த மாதக் கடைசியில்தான் புரிந்தது. வெளியே முப்பத்திரண்டு டிகிரி வெயில். ஊரில் பேஸ்பால் டீம் வேறு நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறது. அண்ணை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் ஹாக்கிச் செய்தி. சாப்பிடும்போது ஹாக்கிச் செய்தி. தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது காதில் ரேடியோ. ஒரே ஓர் ஆட்டம்கூட நடக்காத ஒரு விளையாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேச அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு அண்ணை இருக்கிறார்.

என்ன பேசுகிறார்கள்? எல்லாம் கணக்கு சார், கணக்கு! நான் பி.காம். ஸ்கேட்டிங் எனக்குப் புரியாது, லெட்ஜர் புரியும். ஒரு டீம் தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சம்பளத் தகராறில் 2004-05 சீசன் முழுசாக ரத்தான பிறகு வந்த ஏற்பாடு இது. 2025-26-க்கான வரம்பு 9.55 கோடி டாலர். நம் கணக்கில் எண்ணூறு கோடி ரூபாய்க்கு மேல். பணக்கார டீம் என்பதற்காக ஒரு டாலர் கூடுதலாக எடுத்து நீட்ட முடியாது. ஒரு ஸ்டாருக்கு அள்ளிக் கொடுத்தால் மிச்சம் இருபது பேருக்குக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும். கல்யாண பட்ஜெட்டில் நாதஸ்வரத்துக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டுச் சமையல்காரரிடம் பேரம் பேசுகிற கதை.

அண்ணையின் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய ஸ்கூல் நோட்டு. யாருக்கு என்ன சம்பளம், எத்தனை வருஷ ஒப்பந்தம், எப்போது முடிகிறது என்று எல்லாம் பென்சிலில். நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்ததில்லை.

ஜூலை முதல் தேதி அங்கே கனடா தினம். அரசு விடுமுறை, ராத்திரி வாணவேடிக்கை. அதே தினம் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று கதவு திறக்கிறது. காலையிலிருந்தே டி.வி.யில் கோட்டு போட்ட கனவான்கள் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். தேர்தல் ரிசல்ட் தினம் மாதிரியே இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டு இழவு முதல் நாளே விழுந்துவிட்டது. ஜூன் 30 அன்று செய்தி: மிட்ச் மார்னர் போகிறார்!

மார்னர் பிறந்தது மார்க்கம். ஸ்கார்பரோவுக்கு அடுத்த ஊர். தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஊர். உள்ளூர்ப் பையன், சொந்த ஊர் டீமுக்கு ஒன்பது சீசன் ஆடியவன், பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகாஸுக்குப் போகிறான். எட்டு வருஷம், வருஷத்துக்கு 1.2 கோடி டாலர். இதில் ஒரு சூட்சுமம். தன் சொந்த ஆட்டக்காரருக்குத்தான் ஒரு டீம் அப்போது எட்டு வருஷ ஒப்பந்தம் தர முடிந்தது, வெளியாருக்கு ஏழுதான். அதனால் டொராண்டோவே எட்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கி, அந்தக் கையோடு அவரை வேகாஸுக்கு மாற்றிவிட்டு, பதிலுக்கு நிக்கோலா ருவா என்ற ஒருவரை வாங்கிக்கொண்டது. பெண்ணுக்கு நகை போட்டு வழியனுப்பியது போல!

அண்ணை ஒன்றும் பேசவில்லை. அக்கா கொண்டுவந்து வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. நோட்டை எடுத்தார். 'மார்னர்' என்ற பெயரை அடிக்கவில்லை. ரப்பரால் மெதுவாக அழித்தார்.

"பாருங்கோ தம்பி, அங்க போய்க் கப் தூக்குவான். கெஸல் தூக்கேல்லையே?"

ஃபில் கெஸல் கதை அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். டொராண்டோவில் அவரை விமரிசிக்காத பத்திரிகை கிடையாது. தினம் ஹாட் டாக் சாப்பிடுகிறார் என்றுகூட எழுதினார்கள். 2015 ஜூலை முதல் தேதி அவரைப் பிட்ஸ்பர்குக்குத் தள்ளிவிட்டார்கள். மனிதர் அங்கே 2016, 2017 என்று வரிசையாக இரண்டு கோப்பை ஜெயித்தார். ஜெயித்த டீமில் ஒவ்வொருவருக்கும் கோடையில் ஒரு நாள் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கெஸல் என்ன செய்தார்? கோப்பை நிறைய ஹாட் டாக்கைப் போட்டுச் சாப்பிட்டார்!

அதே வாரத்தில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஜான் டவாரஸ் என்று ஒருவர். 2018 ஜூலை முதல் தேதி டொராண்டோவுக்கு வந்தபோது, சின்ன வயதில் மேப்பிள் லீஃப்ஸ் படம் போட்ட போர்வையில் தான் தூங்கும் போட்டோவை வெளியிட்டவர். அன்று அவருக்கு வருஷத்துக்கு 1.1 கோடி டாலர். 2025 ஜூனில் சுமார் 44 லட்சம் டாலருக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். பாதிக்கும் கீழே! எனக்கெல்லாம் ஒரு கட்டுரைக்கு நூறு ரூபாய் குறைத்தாலே இரண்டு நாள் தூக்கம் வராது.

"போர்வை பொய் சொல்லாது தம்பி" என்றார் அண்ணை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி கார்ல்டன் தெரு. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். 1931-ல் கட்டிய அரங்கம். 1999 வரை டீம் இங்கேதான் ஆடியது. உள்ளே போனால்... சூப்பர் மார்க்கெட்! தக்காளி, ரொட்டி, சீஸ், தள்ளுவண்டி. நான் விழித்தேன். அவர் அலமாரிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து ஓர் இடத்தில் நின்றார். தரையில் ஒரு சிவப்பு வட்டம். பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி. அடையாளமாக விட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணை அதை மிதிக்காமல் ஓரமாக நின்றார். ஓர் அம்மாள் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி வண்டியை அதன் மேலேயே உருட்டிக்கொண்டு போனாள்.

"93-ல மகனைத் தோளில வச்சுக்கொண்டு வெளியில ரோட்டில நிண்டனான். டிக்கெட் வாங்கக் காசில்லை. அவனுக்கு நாலு வயசு."

1993 மே 29. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸோடு ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் ஃபைனல். முந்தைய ஆட்டத்தில் வேய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மோர் முகவாயில் பட்டு ரத்தம். ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. அடுத்த சில நிமிஷத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டு ஜெயித்தார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு டொராண்டோவை ஊருக்கு அனுப்பினார். அந்த ரெஃப்ரி பெயரைச் சொன்னால் அண்ணை இன்றைக்கும் சாப்பிட மாட்டார்.

"உள்ள ஒரு நாளும் போய்ப் பாக்கேல்லையா அண்ணை?"

"இல்லை. பிறகு காசு இருந்துது. நேரம் இல்லை. பிறகு டிக்கெட் விலை ஏறிப்போட்டுது."

அங்கிருந்து யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சேரும் மூலைக்கு. ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம். 1885-ல் கட்டிய பழைய பேங்க் கட்டடம். பேங்கின் லாக்கர் அறையில் 1892-ல் ஸ்டான்லி பிரபு கொடுத்த ஒரிஜினல் கிண்ணம். ஜெயித்தவர்கள் தலைக்கு மேல் தூக்குகிற பெரிய கோப்பை கோடையில் ஊர் ஊராகச் சுற்றப் போய்விடும். அப்போது அதன் நகலை வைப்பார்கள். "உற்சவர் வெளியில போயிருக்கிறார்" என்றார் அண்ணை.

பில் பரில்கோ கதையை அங்கே வைத்துத்தான் சொன்னார். 1951 ஏப்ரலில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டு டொராண்டோவுக்குக் கோப்பை வாங்கித் தந்த பையன். 24 வயது. அந்த ஆகஸ்டில் தன் பல் டாக்டரோடு சின்ன விமானத்தில் மீன் பிடிக்கப் போனான். திரும்பவில்லை. பதினோரு வருஷம் விமானம் கிடைக்கவில்லை. டீமும் பதினோரு வருஷம் ஜெயிக்கவில்லை. 1962 ஏப்ரலில் மறுபடி ஜெயித்தது. ஜூனில் காட்டுக்குள் விமானம் கிடைத்தது.

"எல்லாம் ஆட்டம் இல்லாத மாசத்திலதான் தம்பி நடக்குது."

ரயிலில் திரும்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மகனுக்கு இப்போது 36 வயது. கால்கரியில் இன்ஜினீயர். விமானத்தில் நாலு மணி நேரம். மகனுக்குத் தமிழ் அரைகுறை, அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. சீசன் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் ஃபோன். "பார்த்தியே?" "பார்த்தன்ப்பா." அரை மணி நேரம் ஓடும். சீசன் முடிந்தால்?

"சாப்பிட்டியா எண்டு கேப்பன். ஓம் எண்டுவான். பிறகு ரெண்டு பேரும் சும்மா ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுதான் இதெல்லாம் எழுதி வைக்கிறது. ஏதும் நியூஸ் இருந்தால் எடுக்கலாமெல்லே?"

மார்னர் போன அன்று ராத்திரி வாணவேடிக்கைச் சத்தத்துக்கு நடுவே மேல்மாடியில் ஒன்றரை மணி நேரம் பேச்சுக் குரல் கேட்டது இப்போது ஞாபகம் வந்தது.

ஜூலை நடுவில் அடுத்த சீசன் அட்டவணை வெளியானது. முதல் ஆட்டம் அக்டோபர் 8, மான்ட்ரியலோடு. அண்ணை அதைப் பார்க்கவேயில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் கீழே கீழே போனார். ஒவ்வொரு டீமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மற்ற எல்லா ஊருக்கும் போயாக வேண்டும். கால்கரிக்கும்.

அன்று ஃபோன் மகனிடமிருந்து வந்தது. டிக்கெட் இரண்டு எடுக்கட்டுமா என்று. டொராண்டோ விலையில் பாதிகூட இல்லையாம். அண்ணை "ஓம்" என்றார். அவ்வளவுதான் காதில் விழுந்தது.

சமையலறைச் சுவரில் தமிழ்க் கடை கொடுத்த நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ராகு காலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் போட்டது. ஆட்டம் அடுத்த வருஷம். காலண்டரோ டிசம்பரோடு முடிகிறது. அண்ணை டிசம்பர் தாளைத் திருப்பினார். பின்பக்க வெள்ளையில் தேதியைப் பென்சிலில் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, உங்கட ஊர்ப் பஞ்சாங்கத்தில அண்டைக்கு ராகு காலம் எத்தினை மணிக்கு எண்டு பாத்துச் சொல்லுவீங்களே?"