எல்லாம் வயதுக் கோளாறா?

எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவலி, முதுகுவலி என்றால் பத்துப் பேரிடம் சொல்வார்கள். வீட்டு விலக்கு சம்பந்தமான தொந்தரவு என்றால் பெற்ற மகளிடம்கூட வாய் திறக்கமாட்டார்கள். வற்புறுத்திக் கேட்டால், "இந்த வயசுல எல்லாருக்கும் உள்ளதுதானே டீச்சர்" என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு வயது 47. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சில நாள்களில் உடம்பு திடீரென்று நெருப்பாகக் கொதிக்கும். முகமெல்லாம் வேர்த்து, ரவிக்கை நனைந்துவிடும். "டீச்சர், காத்தாடியைக் கூட்டி வைக்கட்டுமா?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். இரவில் சரியான தூக்கம் கிடையாது. காரணமில்லாமல் கோபமும் அழுகையும் மாறி மாறி வரும்.

அரசாங்க கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதைப் பாடம்போலவே இங்கே சொல்கிறேன். பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. நாற்பதுகளில் இந்தச் சுரப்பு சீராக இராது. ஏறும், இறங்கும், பிறகு குறைந்துபோகும். உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இதனால் தடுமாறுகிறது. சூடு சிறிது கூடினாலும் உடம்பு கொதிக்கிறது என்று எண்ணி வேர்வையை வரவழைக்கிறது. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால்தான் அது நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது.

இதெல்லாம் இயற்கை. ஆனால், வயதின் மேல் பழி போடக்கூடாத ஒன்றும் உண்டு.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். ஓர் ஆடி மாதம், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ஏன்க்கா, உள்ளே வரலையா?" என்றேன். "வரக்கூடாது டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் திக்கென்றது. அவருக்கு அப்போது வயது 56. விலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

தனியே அழைத்துப் பேசினேன். மூன்று மாதமாகவே லேசாக இரத்தம் படுகிறதாம். வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லையாம். மறுநாளே கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து, கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் கருப்பையைத் தாண்டிப் பரவவில்லை. அறுவை சிகிச்சையில் கருப்பையை எடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்கா இன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருகிறார்.

விலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு அது இராது. சவ்வு மெலிவு, சிறு சதை வளர்ச்சி போன்றவை காரணமாக இருக்கலாம். ஆனால் எது என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். ஒரு சொட்டானாலும், ஒரே முறையானாலும் காட்டிவிட வேண்டும். விலக்கு நிற்பதற்கு முன்பும், அளவுக்கு மீறிய போக்கு இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இரத்தசோகை பிடித்துவிடும்.

கொதிப்பும் தூக்கமின்மையும் தாங்க முடியாமற்போனால் அதற்கும் மருந்து உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி முடிவுகளுக்குப் பின் ஹார்மோன் மருந்தென்றாலே பலர் பயந்தார்கள். 60 வயதுக்குட்பட்ட, மற்றபடி நலமாக உள்ள பெண்களுக்கு அதனால் தீமையைவிட நன்மையே அதிகம் என்று பின்னர் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, பக்கவாதம் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. ஆகவே டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்கி விழுங்காதீர்கள்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வேகமாகத் தேயும். தலையோடு சாப்பிடும் நெத்திலி, பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவை நமக்கு எட்டாதவை அல்ல. நாள்தோறும் வேகமாக நடப்பதும் எலும்புக்கு நல்லது.

சகோதரிகளே, அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். வெட்கத்திற்குக் கொடுக்கும் விலையோ மிகப் பெரிது. கணவன்மார்களும் பிள்ளைகளும் இதைப் படித்தால், இன்றிரவே வீட்டில் உள்ள பெண்ணிடம் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் தடவை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.