ஆத்தூரில் ஒரு மழை நாள்

மேல்நாடுகளில் சைக்கிள் யாத்திரை செய்து திரும்பியவர்கள் எழுதும் புத்தகங்களில் ஒரு மழை நாள் தவறாமல் இடம் பெறும். ஸ்காட்லாந்திலோ ஹாலந்திலோ ஒரு சாலை, விடாத தூறல், வழியில் ஒரு விடுதி, கணப்பருகே காயப் போட்ட காலுறை, கிண்ணம் நிறையச் சூடான சூப். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குச் சற்றுப் பொறாமை உண்டாவது வழக்கம். வெயிலை நம்பி உப்பு விளைவிக்கும் தூத்துக்குடிச் சீமையில் மழை என்பது வருஷத்தில் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. ஆயினும் 2024 ஐப்பசியில் எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. சூப் மட்டும் கிடைக்கவில்லை.

நாங்கள் இருவர். எங்கள் திட்டம் வெகு எளியது. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கிப் பின்வாங்கிப் போன கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் தலையெடுத்தது. அதுவும் தூர்ந்து ‘பழைய காயல்’ ஆயிற்று, அப்புறம் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. இந்தப் பாதையை ஒரே நாளில் சைக்கிளில் மிதித்து, கொற்கையிலிருந்து கடலைத் துரத்திக்கொண்டு புன்னைக்காயல் முகத்துவாரம் வரை போய்விடுவது என்று தீர்மானித்தோம்.

விடியுமுன் பழைய துறைமுகத்தருகே புறப்பட்டோம். 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட துறை அது. அவ்விடத்திலிருந்து எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்கிறது, சைக்கிள் மிதிப்பதானாலும்! முள்ளக்காட்டைத் தாண்டியதும் இரு புறமும் உப்பளங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். உப்புக் குவியல்கள் கீற்றும் தார்ப்பாயும் போர்த்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்த கிழவிகளைப் போல் தோன்றின. அளத்துத் தொழிலாளருக்கு மழைக்காலம் என்றால் கூலியில்லாக் காலம் என்று பொருள்.

கொற்கையை அடைந்தபோது வானம் கறுத்துவிட்டது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டிலேயே இவ்வூரின் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதி, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அத்தொழில் நடந்ததாகக் குறித்திருக்கிறார். அந்தப் புகழுக்கெல்லாம் இன்று சாட்சியாக நிற்பது ஒரு முது வன்னி மரம்; இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். அடி மரம் பொந்தாகிப் படுத்துக் கிடந்தும் தழைத்திருக்கிறது. அதன் கீழ் நின்றபோதுதான் முதல் துளி விழுந்தது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் மழை கொட்டத் தொடங்கியது. சிற்றிலை மரத்தடியில் ஒதுங்குவதும் சல்லடையின் கீழ் ஒதுங்குவதும் ஒன்றே என்று அறிந்து சைக்கிளில் ஏறிவிட்டோம்.

முக்காணியைக் கடந்து ஆத்தூர்ப் பாலத்தில் ஏறும்போது எதிர்க்காற்று எங்களை வடக்கே தள்ளிற்று. என் நண்பரின் வண்டியில் பிரேக் கட்டைகள் நனைந்து, பிடித்தால் நிற்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தன. பாலத்தின் நடுவில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். அப்போது ஒன்றைக் கவனித்தோம். அவ்வளவு மழையிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கைப்பிடிச் சுவரோரம் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆற்றை மட்டுமன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் பெய்ததை மழை என்று சொல்வது பொருந்தாது. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்; இம்மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அதிகம். தூத்துக்குடி–திருச்செந்தூர்ச் சாலை துண்டித்துப் போயிற்று. ஏரல் பாலம் சிதைந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட, அதிலிருந்த நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்கு அக்கம்பக்கத்து ஊரார் சமைத்துப் போட்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு, பாலத்தில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது இங்குள்ளவர்க்கு வழக்கமாகிவிட்டது.

ஆத்தூரில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அண்ணாச்சி, கேட்காமலே இரண்டு குவளை கருப்பட்டிச் சுக்குக் காப்பி நீட்டினார். மேல்நாட்டு சூப்பை அக்கணமே மறந்தோம். பெஞ்சில் அறுபது பிராயம் கடந்த பெரியவர் ஒருவர், தோளில் மண்வெட்டியுடன், குடிக்காத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்திருந்தார்.

“எங்கே போறிய, தம்பி, இந்த மழையிலே?” என்றார்.

“புன்னைக்காயலுக்கு, ஐயா.”

“கடலு நாளைக்கும் அங்கேதான் கெடக்கும். சும்மா உக்காருங்க” என்று சொல்லிவிட்டுத் தாம் மட்டும் எழுந்தார்.

அவருக்கு அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது; அதே ஆண்டு முடிவதற்குள் வெள்ளம் வந்தது. வெற்றிலைக்குத் தண்ணீர் இல்லாமலும் முடியாது. தண்ணீர் நின்றாலும் முடியாது. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல் பிடித்துவிடும். பெரியவரின் கொடிகள் முழுவதும் போயின. கடன் வாங்கி மறுபடி அகத்தி வளர்த்து, கொடி நட்டு, அப்போதுதான் இரண்டாம் முறையாக இலை கிள்ளத் தொடங்கியிருந்தாராம். வரப்போரத்து வடிகாலை வண்டல் அடைத்திருந்தது. கூலியாள் ஒருவரும் அந்த மழையில் வர இசையவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: கருணையைக் காட்டிலும், முழுக்க நனைந்தவனுக்கு மேற்கொண்டு நனைவதில் நஷ்டமில்லை என்ற ஞானமே எங்களை எழுப்பிற்று. கடைக்காரர் இன்னும் இரண்டு மண்வெட்டிகள் தந்தார். சைக்கிள்களைக் கடையில் சாத்திவிட்டுப் பெரியவரின் பின்னால் போனோம்.

கொடிக்காலுக்குள் நுழைந்ததும் மழையின் சத்தமே மாறிவிட்டது. அகத்தி மரங்கள் வரிசையாக நெருங்கி நிற்க, அவற்றில் கட்டிய கொடிகள் கூரை போல் கவிந்திருந்தன. உள்ளே பசுமையான மங்கல் வெளிச்சம். காரமும் குளிர்ச்சியும் கலந்த வெற்றிலை வாசனை. மேட்டுப் பாத்திகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. பாத்தி விளிம்பைத் தொட இன்னும் நான்கு விரற்கடைதான் பாக்கி.

“மேலே மிதிச்சிராதிய, பாத்தி ஒடைஞ்சிரும்!” என்பதைத் தவிரப் பெரியவர் வேறு உபதேசம் செய்யவில்லை. வடிகாலின் நீளம் முப்பது பாகம் இருக்கலாம். மண் அள்ளினால் அள்ளிய இடத்திலேயே குழம்பு வந்து நிறைந்தது. பேனா பிடித்த எங்கள் கைகளில் அரை மணிக்குள் கொப்புளம். பெரியவரோ ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் விளிம்பை எட்டிவிட்டது என்று நண்பர் கூவினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. கூட்டினால் கடைசி வரை கை தாங்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஓடையோரத்துக் கடைசி மண்ணை அவரே வெட்டித் தள்ளினார். ‘கொளக்’ என்று ஒரு சத்தம். கலங்கல் நீர் சுழித்துக்கொண்டு ஓடையில் பாய்ந்தது. பெரியவர் பள்ளத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குச்சியில் ஈரத் தடம் ஓர் அங்குலம் வெளியே தெரிந்த பிறகுதான் மடியிலிருந்து பாக்கை எடுத்தார்.

எங்களுக்கும் கொழுந்திலை கிள்ளித் தந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயலுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இவ்வூரார் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டிருப்பதை அதிசயமாக எழுதி வைத்திருக்கிறார். முத்தும் குதிரையும் வந்து குவிந்த அந்தக் காயல் மண்ணுக்குள் போய்விட்டது. முத்துக் குளிப்பும் 1961-உடன் நின்றுபோயிற்று. அந்த இலை மட்டும் எங்கள் வாயில் சுரீரென்று உறைத்தது.

புன்னைக்காயலுக்கு இனிப் போக நேரமில்லை. தமிழ் நூல்களை முதன்முதலில் அச்சேற்றிய அண்டிரீக் பாதிரியார் வாழ்ந்த அந்த ஊரை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்தோம். மாலையில் மழை தூறலாகத் தணிந்தது. காசு வாங்க மறுத்த பெரியவர், வாழைச் சருகில் ஒரு கவுளி வெற்றிலையைச் சுற்றிச் சைக்கிளில் கட்டிவிட்டார். திரும்பும்போதும் பாலத்தில் ஆட்கள் நின்றார்கள். இம்முறை நாங்களும் நின்று பார்த்தோம். தண்ணீர் செம்மண் நிறமாக, ஆனால் கரைக்கு வெகு தாழ, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கைப்பேசியில் அவரை அழைத்தோம். இரவெல்லாம் பெய்ததாம்.

“தண்ணி நிக்கலே, தம்பி. குச்சி முழுசும் வெளியே தெரியுது” என்றார். பிறகு, “வெத்தலையை ஈரத்தோட கட்டி வச்சிராதிய, பிரிச்சு ஆற விடுங்க” என்றார்.