ஈயா, குளவியா?

யட்டியாந்தோட்டைத் தேயிலை மலையொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் சுருண்ட இலையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செத்த புழு. பக்கத்தில் மெல்லிய சிறகுப்பூச்சி.

"ஒட்டுண்ணி ஈ" என்றேன், படித்தவன் தோரணையில்.

"றெக்கைய எண்ணிப் பாருங்க ஐயா, நாலு இருக்கு" என்றார்.

அவர் சொன்னதே சரி. ஈக்கு இரு சிறகுகள்தாம். பின்சிறகுகளுக்குப் பதிலாகச் சமநிலை காக்கும் இரு குமிழ்கள். ஒட்டுண்ணி ஈக்களான டக்கினிட்டுகளுக்குப் பெரும்பாலும் உடலெங்கும் முரட்டு மயிர். குளவிக்கோ நாற்சிறகு, ஒடுங்கிய இடை.

1935-36இல் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்கிய மக்ரோசென்ட்ரஸும் குளவியே. 1950களில் கிளை துளைக்கும் வண்டுக்கு அடித்த டீல்ட்ரின் அக்குளவியையும் கொன்றது. புழு மீண்டும் பெருகியது.

பத்திரிகைக்காரன் பிழைவிட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். மருந்தடிப்பவருக்கு அந்த வசதி இல்லை.