கரக்பூரில் ஒரு முண்டு மிளகாய்ப் பாத்தி

கரக்பூர் என்றதும் வெளியூர் அன்பர்கள் முதலில் வினவுவது அந்த நீண்ட நடைமேடையைப் பற்றித்தான். 1,072 மீட்டர் நீளமுள்ள அந்நடைமேடை, உலகிலேயே மிக நீண்டது என்னும் பெருமையைப் பல்லாண்டுகள் தாங்கியிருந்தது. 2013ஆம் ஆண்டில் கோரக்பூரும், 2023ஆம் ஆண்டில் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. பெருமை போனாலும் நடை குறையவில்லை. அலுவலகக் கோப்புடன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்பும் என் போன்ற குமாஸ்தாவுக்கு அது இன்றும் அதே நீளந்தான்.

இவ்வூர் ரயில்வேக்காகவே எழுந்த ஊர். பழைய வங்காள நாகபுரி ரயில்வேயார் இங்குப் பணிமனையும் குடியிருப்பும் அமைத்த நாள் தொட்டுத் தெலுங்கரும் தமிழரும் வங்காளிகளுடன் கலந்து வாழ்ந்து வருகின்றனர். கோல் பஜாரில் முருங்கைக்காயும் கிடைக்கும், இட்லி அரிசியும் கிடைக்கும். எனவே நாவுக்குப் பெருங்குறை ஏதுமில்லை என்றே நான் எண்ணியிருந்தேன், என் தாயார் வந்து சேரும் வரையில்.

2022ஆம் ஆண்டு சித்திரையில் என் தந்தையார் காலமானார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆயுள் முழுவதும் மிளகாய் போட்டவர். அடுத்த மாதமே தாயாரைச் சென்னையிலிருந்து கோரமண்டல் வண்டியில் அழைத்து வந்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் மடியில் ஒரு துணி முடிப்புமே. முடிப்பினுள் இருந்தவை முண்டு மிளகாய் வற்றல்கள். உருண்டை வடிவும் தடித்த தோலும் உடையவை. காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலக்கும். களத்தில் காய்ந்த கடைசி வெள்ளாமையிலிருந்து தந்தையார் தம் கையால் பொறுக்கி வைத்த விதைக்காய்கள் அவை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீடு பூட்டிக் கிடக்கிறது. தாயாருக்கு எஞ்சிய காடு அந்த முடிப்பு ஒன்றுதான். இதனை நான் அப்பொழுது உணரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் நான்கு பாத்தி அளவுக்கு நிலம் உண்டு. இவ்வூர் மண் செம்பூரான் மண். இரும்புச் சத்து மிகுந்து சிவந்திருக்கும், புளிப்புத் தன்மையுடையது, மக்கு குறைந்தது. கோடையில் செங்கல், மழையில் சேறு. தாயார் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்து, “இது என்னய்யா, செங்கச் சூளையில கொட்டின மண்ணு மாதிரி இருக்கு?” என்றார். ஆயினும், ஆனி மாதத்தில் முதல் மழை கொட்டியதும் அவர் பொறுக்கவில்லை. முடிப்பில் பாதியைப் பிரித்து விதையை எடுத்துப் பாத்தியில் தூவிவிட்டார்.

அதில் அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் சீமையில் மிளகாய்க்கு நாற்று விடுவது வழக்கமில்லை. புரட்டாசியில் வானத்தைப் பார்த்து, மானாவாரியாக நேரே விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி எழும். பின்னர் பனியிலும் வெயிலிலும் காய்த்து, மாசி பங்குனியில் பழம் சிவக்கும். மழை வந்தால் விதைப்பது என்பதே அங்குள்ள கணக்கு. ஆனால் வங்காளத்து மழை நம் மழை அன்று. ஆனியில் தொடங்கினால் புரட்டாசி வரை விடுவதில்லை. தாயார் தூவிய விதைகள் பத்தாம் நாள் அழகாக முளைத்தன; இருபதாம் நாளுக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இற்று, குருத்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. நாற்றழுகல் என்று சொல்வது இதுவே. ஈரம் வடியாத மண்ணிலுள்ள பூஞ்சணம் செய்கிற வேலை.

தாயார் அன்று உணவு கொள்ளவில்லை. இரவில், “என்னைய ஊருக்கு அனுப்பிடுய்யா. இந்த மண்ணு நம்மளுக்கு ஒத்துக்கிறாது” என்றார். மண்ணைச் சொல்கிறாரா, தம்மைச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பயணச் சீட்டுப் பதிவு செய்கிறேன் என்று நானும் ஏதோ சினத்தில் சொல்லிவிட்டேன். என் மனைவிதான், “புரட்டாசி வரைக்கும் இருங்க அத்தை, பாதி விதை இன்னும் இருக்கே” என்று சமாதானம் செய்தாள்.

காலனிச் சுவருக்கு அப்பால் ஓய்வு பெற்ற வங்காளி ஃபிட்டர் ஒருவர் வசிக்கிறார். அவரை நாங்கள் ‘தாதா’ என்றே அழைப்போம். அவர் தோட்டத்தில் சூரியமுகி லங்கா என்னும் மிளகாய் ஆண்டுதோறும் நிற்கும். காய்கள் யாவும் வானத்தை நோக்கி நிமிர்ந்திருப்பதால் அப்பெயர். மிளகாய்க்கு வங்காளிகள் ‘லங்கா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் நம் மிளகின் பெயரையே கொடுத்தோம். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஒரே காய்க்கு ஊருக்கு ஒரு பெயர்!

நாற்று வளர்க்கும் முறையைத் தாதாதான் கற்பித்தார். தேநீர்க் கடைகளில் குடித்துவிட்டு எறியும் மண் குவளைகளே அவருடைய நாற்றங்கால். ‘பாட்’ என்பார்கள் இங்கே. அன்று முதல் நான் பணி முடிந்து திரும்புகையில் பை நிறையக் குவளைகளுடன் நடைமேடையில் நடக்கலானேன். சக ஊழியர்கள் நகைத்தார்கள். ஒருவர் நான் தேநீர்க் கடை வைக்கப் போவதாகவே நம்பிவிட்டார்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில், தாழ்வாரத்தில் மழை படாத இடத்தில் ஒரு பழைய மரப்பெட்டியை வைத்தோம். தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. அதில் 60 விதைகளைக் கால் அங்குல ஆழத்தில் வரிசையாக ஊன்றி, வைக்கோலால் மூடி, பூவாளியால் காலையில் மட்டும் நீர் தெளித்தோம். எட்டாம் நாள் முளை தெரிந்ததும் வைக்கோலை அகற்றிவிட்டோம். தாமதித்தால் நாற்று வெளுத்து நெடுத்துவிடும். மொத்தம் முளைத்தவை 41.

வித்திலைகளுக்கு மேல் உண்மையான இலை இரண்டு விட்டதும், ஒவ்வொன்றாகக் குவளைக்கு மாற்றினோம். அடியில் ஆணியால் ஒரு துளை. சுட்ட மண்ணாதலால் மிகுந்த நீரைக் குவளையே உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். வேர் மூச்சுத் திணறாது. நாற்றைத் தூக்கும்போது இலையைப் பிடிக்க வேண்டும், தண்டைப் பிடிக்கலாகாது. இலை போனால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடி போயிற்று. கடைசிப் பத்து நாள்கள் முற்பகல் வெயிலில் சிறிது சிறிதாக வைத்துப் பழக்கினோம். துர்கா பூஜை, தீபாவளி எல்லாம் அந்தக் குவளைகளை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாகவே எங்கள் வீட்டில் கழிந்தன.

கார்த்திகை பிறக்கும் முன் 24 நாற்றுகளைப் பாத்திக்கு மாற்றினோம். சாணமும் அடுப்புச் சாம்பலும் சிறிது சுண்ணாம்பும் இட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்திருந்தோம். செடிக்குச் செடி ஒன்றரை அடி. வரிசைக்கு வரிசை இரண்டடி. குவளையின் அடியைத் தட்டி உடைத்து அப்படியே புதைத்தோம். மாலை நேரத்தில் நட்டதால் ஒன்றுகூட வாடவில்லை.

இடையூறுகள் இல்லாமற் போகவில்லை. மார்கழியில் இலைகள் மேல்நோக்கிப் படகுபோல் வளைந்தன. அது இலைப்பேனின் வேலை; கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன். வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து அந்தியில் தெளித்தேன். தாயார் விடியலில் சாம்பல் தூவினார். எது காப்பாற்றியது என்பதில் எங்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. ஒரு பசு வேலியை முறித்துக்கொண்டு வந்து நான்கு செடிகளை முடித்தது. தைக் குளிரில் பூக்கள் உதிர்ந்தன. 17 செடிகள் நின்றன.

மாசியில் முதல் பழம் சிவந்தது. அதே 2023 பிப்ரவரியில்தான் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியும் வந்தது. செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். “இதுக்கு ஒரு காயிதம் வேணுமாக்கும்!” என்றார் தாயார். ஆனாலும் அந்தத் தாளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அம்முதல் பழங்களைச் சமையலுக்குத் தர அவர் இசையவில்லை. நடுப்பாத்தியில் திடமாக நின்ற இரண்டு செடிகளுக்குப் பூக்கும் பருவத்திலேயே பழைய மல்வேட்டியைக் கிழித்துப் போர்த்தியிருந்தார். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லதாயினும், தேனீக்கள் அண்டைச் செடியின் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். தாதாவின் சூரியமுகி சுவருக்கு அப்பால்தானே இருக்கிறது! “அவுக காயி மானத்தப் பாக்கும், நம்ம காயி பூமியப் பாக்கணும்” என்பது அவர் வாதம். அவ்விரு செடிகளின் பழங்களே விதைக்கு. மற்றவை தாளிப்புக்கும் மோர் மிளகாய்க்கும் போயின. தயிரில் ஊறிய முதல் மோர் மிளகாயை வறுத்த அன்று என் மகள், “அப்பத்தா, இன்னொண்ணு” என்று கண்ணீருடன் கேட்டாள்.

தாதாவுக்கும் ஒரு கைப்பிடி விதை கொடுத்தோம். அவர் தோட்டத்தில் இப்பொழுது ‘மாத்ராஜி லங்கா’ என்றொரு வரிசை நிற்கிறது. தாயாருக்கும் அவருக்கும் பொது மொழி கிடையாது. சுவரின் இருபுறமும் நின்று, காயைக் காட்டிக் காட்டி அரை மணி நேரம் பேசுகிறார்கள். பயணச் சீட்டுப் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை.

நம் சங்கத்தைச் சேர்ந்த கரக்பூர்க் குடும்பங்களுக்கு, வீட்டுக்குப் பத்து விதை வீதம் தருவதாகத் தாயார் இசைந்திருக்கிறார். புரட்டாசி பிறந்தபின் வந்தால் போதும். ஆனியில் கேட்டால் தர மாட்டார். மண் குவளைகளை அவரவரே கொண்டுவர வேண்டும்.