பெண்ணுக்குப் பாடத் தெரியுமா?

பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போகமாட்டார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்த கையோடு, "பொண்ணு ஏதாவது பாடுமா?" என்பார்கள். அதற்காகவே வீட்டுக்குப் பாட்டு வாத்தியாரை வரவழைத்து, சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம், வர்ணம் என்று சொல்லிவைத்து, இரண்டு மூன்று கீர்த்தனைகளாவது பாடம் பண்ணிவைப்பார்கள். பெண் பாடுவாள். கல்யாணம் நிச்சயமாகும். அதற்குப் பிறகு அந்தச் சங்கீதம் என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்கள் உண்டா? சகோதரிகளே, உங்கள் வீட்டிலேயே அம்மாவையோ மாமியாரையோ கேட்டுப் பாருங்கள். எனக்கு இந்த யோசனை வந்ததே 2019 ஜனவரியில் எங்கள் மாதர் சங்கத்தோடு திருவையாறு போய்வந்த பிறகுதான்.

எங்களுக்கு நெடுங்காடு. காரைக்காலைச் சேர்ந்த ஊர். சங்கம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். சீட்டுப் பணம் வசூலாகும், கொஞ்சம் தையல், நிறையப் பேச்சு. வருஷத்துக்கு ஒரு தரம் வேன் வைத்துக்கொண்டு எங்காவது போய்வருவோம். சிதம்பரம், பூம்புகார், வேளாங்கண்ணி எல்லாம் ஆகிவிட்டது. "இந்தத் தடவை தியாகராஜ ஆராதனைக்குப் போவோமே" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அது தெலுங்குப் பாட்டுல்ல? நமக்கு என்ன புரியும்?"

"டி.வி.யிலேயே காட்டுறாங்க. அதுக்கு எதுக்கு வேன் வாடகை?"

"கும்பகோணத்துலே பாத்திரக் கடைக்கிட்டே நிறுத்துறதா இருந்தா நான் வரேன்."

மூலையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா, தலை நிமிராமல், "நான் வரேன்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. பெரியப்பா காலமாகி நாலு வருஷம். அதிலிருந்து கோயில், கல்யாணம் எதற்கும் அவர் வாசற்படி தாண்டியதில்லை. அவர் வருகிறேன் என்ற பிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆராதனை நாளன்று காலையில் நூற்றுக்கணக்கான வித்வான்களும் வித்வாம்சினிகளும் சேர்ந்து உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்களே, அதற்குப் போய்ச் சேரவேண்டுமானால் நடுராத்திரியில் கிளம்பவேண்டும். குடும்பஸ்திரீகளுக்கு அது ஆகிற காரியமா? பிள்ளைகளை அனுப்பி, சமையலை முடித்து, ராத்திரிக்கு ரசம் வைத்து மூடிவிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று. பஞ்சரத்தினத்தை அவரவர் வீட்டு டி.வி.யிலேயே கேட்டாயிற்று. மயிலாடுதுறை, கும்பகோணம், கபிஸ்தலம் என்று போய், வழியில் ஒரு மரத்தடியில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டு (பாத்திரக்கடை வாக்குறுதியையும் நிறைவேற்றி) திருவையாற்றில் இறங்கும்போது மாலை நாலரை. காலைக் கூட்டம் கலைந்து, பந்தலில் தாராளமாக இடம் இருந்தது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வேன், சாயங்காலமே சௌகரியம். முழங்கால் வலிக்காரர்கள் இஷ்டப்படி காலை நீட்டிக்கொள்ளலாம், நடுவே எழுந்து காவேரிப் படித்துறை வரை ஒரு நடை நடந்தும் வரலாம்.

முதலில் தியாகராஜர் சமாதிக்குப் போனோம். அவர் சித்தியடைந்தது 1847-ல். அந்தச் சன்னிதியைப் பார்த்தபடி ஓர் அம்மாளின் சிலை இருக்கிறது. "இது யாருக்கா?" என்று கேட்டாள் எங்களில் சின்னவள் ஒருத்தி. நான் படித்திருந்ததைச் சொன்னேன்.

பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் மைசூர்ச் சீமையில் தேவதாசி குலத்தில் பிறந்தவர். சென்னையில் பேரும் பொருளும் ஈட்டிய பாடகி. தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த இடத்தைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, நகைகளையும் விற்று, 1925-ல் கோயிலாக்கிக் கும்பாபிஷேகம் செய்தார். கோயில் கட்டியது ஒரு பெண். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது! பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து உற்சவம் நடத்திய ஆண்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டிச் சன்னிதிக்குப் பின்னாலேயே தனியாகப் பாட வைத்தார். அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர். 1940-41-ல் கட்சிகள் ஒன்றான பிறகுதான் ஆணும் பெண்ணும் ஒரே ஆராதனையில் பாடும் வழக்கம் வந்தது. 1952-ல் அவர் காலமானார்.

"நல்ல தைரியசாலி" என்றாள் சின்னவள். பெரியம்மா மட்டும் அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மடியிலிருந்து, அன்றைக்குத் தொடுத்த பூவில் ஒரு முழத்தை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.

கச்சேரி என்றால் மூன்று மணி நேரம் ஒருவரே பாடுவது என்று எண்ணிப் பயந்துபோயிருந்தார்கள் எங்களவர்கள். அங்கே அப்படியில்லை. ஆளுக்குச் சொற்ப நேரம்தான். ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் ஏறிவிடுகிறார். பெரிய வித்வானும் அதே மேடைதான், பாவாடை கட்டிய சின்னப் பெண்ணும் அதே மேடைதான். டிக்கெட் கிடையாது. புரியாது என்று சொன்னவள் ஒரு வயலினைக் கேட்டுவிட்டு, "அழுவுறாப்பல இருக்குதுக்கா" என்றாள். பாத்திரக்கடைக்காரி புது எவர்சில்வர் தூக்கை அணைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். அவள் தூங்கியதிலும் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டில் அவளுக்குப் பகல் தூக்கம் ஏது?

விளக்கு வைத்த பிறகு இருபது வயதுப் பெண் ஒருத்தி ஹிந்தோளம் எடுத்தாள். ரியும் கிடையாது, பாவும் கிடையாது, ஐந்தே ஸ்வரம். அதற்குள் எப்படித்தான் இத்தனை குளுமையை வைத்தார்களோ! பக்கத்தில் மெல்லிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். பெரியம்மாவின் வலது கை துடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு, ஒன்றும் பிசகவில்லை.

"பெரியம்மா, உங்களுக்குப் பாட்டுத் தெரியுமா?"

"மாயவரத்துலே எட்டு வருஷம் கத்துக்கிட்டேன். இந்தப் பாட்டைப் பாடித்தான் கல்யாணம் ஆச்சு" என்றார்.

1964-ல் நடந்த கல்யாணம். அதாவது பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய்ப் பத்து வருஷம் கழித்து. எதிர்வீட்டில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன், அவர் குரலைப் பேச்சாகத் தவிரக் கேட்டதில்லை.

"பெரியப்பா வீட்டிலே பாடக்கூடாதுன்னாங்களா?"

பெரியம்மா சிரித்தார். "யாரும் கூடாதுன்னு சொல்லலைடி. சொல்லியிருந்தா நானும் இந்த அம்மா மாதிரி சண்டை போட்டிருப்பேனோ என்னமோ. யாரும் கேட்கலை. அவ்வளவுதான். அடுப்பு, மாடு, நாத்து நடவு, அஞ்சு பிள்ளை. கேட்காத எடத்துலே எப்படிப் பாடுறது?"

எனக்குச் சுருக்கென்றது. காரைக்கால் அம்மையார் பாடின பெண். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுத்து, மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைக்கிறோம். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே எட்டு வருஷச் சங்கீதத்தை ஐம்பத்தைந்து வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் ஒரு மனுஷி!

திரும்பும்போது மயிலாடுதுறை தாண்டியதும் நான் டிரைவர் தம்பியிடம் சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பெரியம்மா, பாடுங்களேன்" என்றேன். நெடுநேரம் மறுத்தார். பிறகு இருட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தார். குரல் கரகரத்தது, மேல் ஸ்தாயிக்கு எட்டவில்லை. ஆனால் சுருதி நின்றது. பல்லவி, அனுபல்லவி வந்தன. சரணத்தின் வாசலில் நின்றுவிட்டார்.

"மறந்துபோச்சா பெரியம்மா?"

"பொண்ணு பார்க்க வந்தவங்க இத்தோட போதும்மா, எழுந்துக்கோன்னுட்டாங்க. அதுக்கப்புறம் பாடவேயில்லை. எப்படி நிக்கும்?"

வேனில் யாரும் பேசவில்லை. பாத்திரக்கடைக்காரிதான், அப்போதுதான் விழித்தவள், "என் பொண்ணு போன்லே தேடித் தருவா" என்றாள்.

தேடியும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் சீட்டுப் பணம் எண்ணி முடித்ததும் பெரியம்மா அதைக் காதில் வைத்துக் கேட்பார், நாங்கள் சேர்ந்து முணுமுணுப்போம். தொண்டைக்கு இதமாகச் சுக்கு, பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் வைத்துக்கொடுக்க அவருடைய மருமகளே முன்வந்தாள். அந்த வருஷம் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்குத் தெருவே வந்திருந்தது. "யாராவது பாடுங்களேன்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா கொலுவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "நான் பாடறேன்" என்றார்.