மதியம் ரெண்டு மணிக் கதை

"சீரியல்லாம் இன்னும் யார்ரா பாக்குறாங்க?"ன்னு ஹாஸ்டல்ல யாராவது கேட்டா, எனக்கு வாலாஜாபேட்டையில எங்க வீட்டு ஹால்தான் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கு ராணிப்பேட்டையில ஷூ கம்பெனி வேலை. காலையில ஏழரைக்கு கம்பெனி பஸ் ஏறினா, திரும்பி வர ராத்திரி ஏழாகும். மதியம் வீட்டுல ஆயாவும் சன் டிவியும் மட்டும்தான். 2014-ல ஆரம்பிச்ச 'சந்திரலேகா' 2022-ல முடியுற வரைக்கும் ஆயா விடாம பாத்துச்சு. எட்டு வருஷம்! நம்ம டிகிரியே நாலு வருஷம்தான்.

ராத்திரி அம்மா கொழம்பு தாளிக்கும்போது ஆயா அன்னிக்குக் கதையைச் சொல்லும். மத்தபடி மாமியாரும் மருமகளும் அதிகமா பேசிக்க மாட்டாங்க. முட்டிவலி மாத்திரை தீர்ந்தது, சீட்டுப் பணம் கட்ட வேண்டியது எல்லாம் அந்தக் கதைக்கு நடுவுலதான் வெளியே வரும்.

அமெரிக்காவில் 'கைடிங் லைட்' ரேடியோ, டிவி ரெண்டிலும் சேர்த்து 72 வருஷம் ஓடி 2009-ல் நின்றது. பகலில் வீட்டில் இருந்த பெண்கள் வேலைக்குப் போனதும் ஒரு காரணம். 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022-ல் டிவியை விட்டு ஓடிடிக்கே போய்விட்டது. நம்ம சீரியலும் சாகாது, போனுக்குள்ள போயிடும்னு தோணுது.

அம்மா இப்போ கம்பெனி பஸ்லயே போன்ல எபிசோட் பாத்துடறாங்க. போன லீவுல ஆயா வழக்கம்போல, "இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சுது.

"பாத்துட்டேன் அத்தை."

ஆயா ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டிச்சு. மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆச்சுன்னு மறுநாள்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.