புஸ்ஸுன்னு ஒரு சத்தம்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க எவ்வளவு காற்று வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம். பத்து லிட்டர்? நூறு லிட்டர்? ஏறக்குறைய 9,000 லிட்டர்! எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். அது குடிப்பதில் பெரும்பங்கு காற்று. ஓசியில் வருவதால் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதைச் சென்ற வருடம் கோவையில் பார்த்தேன்.

என் பெரியப்பாவிடம் 1987-ம் வருடத்து அம்பாஸடர் இருக்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டாகப் பிறந்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் என்று பெயர் வைத்துக்கொண்ட பரம்பரை. 2014-ல் அங்கே உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் பெரியப்பா வீட்டில் அந்த வண்டி இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. ஆகவும் முடியாது. காரணம், பெரியம்மா.

பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். போகும்போது தெம்பாகப் போவார். வரும்போது துவண்டுபோய் வருவார். அம்பாஸடரின் பின் சீட் இருக்கிறதே, அது சீட் இல்லை, சோபா. காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். கதவு உயரம், குனிந்து நுழைய வேண்டாம். "இந்த வண்டில வந்தாத்தான் வீட்டுக்கு வந்து சேந்த மாதிரி இருக்குது" என்பார்.

அந்த வண்டிதான் சிக்னலுக்குச் சிக்னல் நின்றுபோக ஆரம்பித்தது. அவிநாசி ரோட்டில் வேகமாகப் போனால் ஒரு குறையும் இல்லை. பிரேக் போட்டு நின்றதும் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம், பிறகு 'டப்'. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் உயிரோடு இருக்கும். பெரியப்பா சோக்கை இழுத்தபடியே ஊரெல்லாம் ஓட்டினார். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஆறுக்கு இறங்கியது.

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது லட்சுமி மில்ஸ் சிக்னலில் மூன்று தடவை நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன். பின் சீட்டில் எழுந்து உட்காரக்கூட முடியாத பெரியம்மா. டிராஃபிக் போலீஸ்காரரும் ஒரு பழ வண்டிக்காரரும் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

அன்று ராத்திரி பெங்களூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். "அப்பா, வண்டியக் குடுத்துருங்க. போன்ல டாக்ஸி கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வாசலுக்கு வந்துரும். அம்மாவ நடு ரோட்டுல வெச்சுட்டு நிக்கணுமா?" அவன் சொன்னதில் தப்பே கிடையாது. அதனால்தான் பெரியப்பாவுக்கு அவ்வளவு கோபம். ஒரு வாரம் மகனுடைய போனை எடுக்கவில்லை.

பெரிய வொர்க் ஷாப் ஒன்றில் காட்டினார். "இன்ஜின் போச்சு சார். ரீபோர் பண்ணணும். 85 ஆயிரம் ஆகும்" என்றார்கள். அதுவரை தாக்குப்பிடிக்கட்டும் என்று கார்புரேட்டர் அடியைச் சுற்றிச் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழைய குருடி.

கடைசியாக, ஆவாரம்பாளையம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரியம்மாவும் கூட வந்திருந்தார். நானும் போயிருந்தேன்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் விசாரணை.

"ஏனுங்ணா, வண்டி நிக்கறப்ப ஏதாச்சும் சத்தம் வருதுங்களா?"

"ஒண்ணும் இல்லியே" என்றார் பெரியப்பா. அவருடைய காது மெஷின் வீட்டில் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.

பின் சீட்டிலிருந்து பெரியம்மா வாயைத் திறந்தார். "மூணு மாசமா நாஞ் சொல்லீட்டுத்தான இருக்கறேன். ஆஸ்பத்திரி வாசல்ல பானெட்டப் புடிச்சுட்டு நிப்பனில்ல, அப்பப் புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அடுப்புல கேஸத் தெறந்து வுட்டுட்டுத் தீப்பெட்டி தேடற மாதிரி."

"அவளுக்கு டயாலிசிஸ் ஆனா காதுல இரைச்சல் இருக்கும். அதைச் சொல்றா" என்றார் பெரியப்பா.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "இல்லீங்ணா. அம்மா சொல்றதுதான் கரெக்ட்டு. வண்டி காத்துப் புடிக்குது."

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறீர்கள். ஸ்ட்ராவின் நடுவில் ஒரு ஓட்டை. என்ன வரும்? பாதிக் காற்று. இன்ஜினும் அப்படித்தான் உறிஞ்சுகிறது. கார்புரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலந்து கொடுக்க, மேனிஃபோல்டு என்கிற குழாய் வழியாக அது சிலிண்டருக்குப் போகிறது. குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு பேக்கிங். அதில் விரிசல் விட்டால், அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் கதவு மூடிக்கொள்வதால், அப்போதுதான் உள்ளே உறிஞ்சல் அதிகம். திருட்டுக் காற்றும் அதிகம். வேகமாகப் போகும்போது போகிற காற்றே ஏராளம் என்பதால் இந்தத் திருட்டு தெரிவதில்லை. சோக்கை இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போய்த் திருட்டை ஈடுகட்டிவிடுகிறது. நோயை மறைக்கிற மாத்திரை மாதிரி!

அண்ணன் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் நல்ல காபிக் கலர். மூன்றும் நான்கும் சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் போதாமல் சூட்டில் வெளுத்தவை. அடுத்து, கம்ப்ரஷன் கேஜ். நாலு சிலிண்டரிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது.

"இன்ஜின் போயிருந்தா முள்ளு காட்டிக் குடுத்துரும். இந்த இன்ஜின்ல நாலு சிலிண்டர், ஆனா காத்து உள்ள போற வாசல் ரெண்டேதான். ஒண்ணும் ரெண்டும் ஒரு வாசல்; மூணும் நாலும் ஒரு வாசல். பங்காளிங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பட்டினி கெடக்கறாங்கன்னா, தப்பு வாசல்ல."

பிளக்குகளை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். சூடேறுவதற்கு முன் ஒரு ஊசி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, பின்பக்க இணைப்பில் நாலே சொட்டு விட்டார். 'புஸ்' சத்தம் 'களக்'கென்று மாறி, இன்ஜின் தடுமாறியது. தண்ணீரை உறிஞ்சிவிட்டது! "சில பேரு பெட்ரோலத் தெளிச்சுப் பாப்பாங்க. ஒட்டுனாப்புல எக்ஸாஸ்ட் இருக்குது. வண்டியும் போயிரும், மீசையும் போயிரும்."

ஆம், அம்பாஸடரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கம், ஒட்டுக்குடித்தனம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். ஒன்று கொதிக்கும், மற்றது பெட்ரோல் ஆவியாகிற குளிர்ச்சியில் இருக்கும். வருடக்கணக்கில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கினால் நடுவில் இருக்கிற பேக்கிங் என்ன செய்யும், பாவம்!

கழற்றிப் பார்த்தபோது மூன்று, நான்கு வாசல் பக்கம் பேக்கிங் கருகிப் பிளந்திருந்தது. புதுசு மாட்டினால் போதாது என்றார் அண்ணன். இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்து, லேத் பட்டறையில் முகத்தை ஒரே மட்டமாக அடித்து வாங்கி வந்தார். ஒன்றை மட்டும் தேய்த்தால், இரண்டையும் சேர்த்து அமுக்குகிற வாஷர் சாய்ந்துகொண்டு ஒரு பக்கத்தை விட்டுவிடுமாம். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் முறுக்கினார்.

அடுத்தது கார்புரேட்டர். சிலிக்கான் பேஸ்ட்டை அவர் இழுக்க இழுக்க, சூயிங்கம் மாதிரி வந்தது. பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பிப் பிய்ந்துபோய் ஜெட்டை அடைக்கும். அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. யாரோ மூச்சைப் பிடித்து முறுக்கியதில் இரண்டு காதும் வளைந்து நடு எழும்பிவிட்டது. கண்ணாடியில் எமரித் தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கினார். உள்கதவின் அச்சு ஆடியதால் அதற்குப் புது புஷ். நடுவில் இருக்கும் பேக்கலைட் துண்டுக்கு மேலும் கீழும் புதுப் பேப்பர் பேக்கிங். பேஸ்ட் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

பெட்ரோல் ஹோஸையும் மாற்றினார். 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. அதோடு, எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், கார்புரேட்டர் வண்டியில் கலவை இன்னும் கொஞ்சம் நீர்த்துப்போகும். ஏற்கெனவே காற்றுப் பிடிக்கிற வண்டிக்கு, விரதத்தின் மேல் ஒரு விரதம்.

"இதையெல்லாம் யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களாண்ணா?" என்றேன்.

"யாருங்க கத்துக்குவாங்க? 2020-ல பைக்குக்கே கார்புரேட்டர் போயிருச்சு. பசங்களுக்கு லேப்டாப்ப மாட்டிப் பாக்கத் தெரியுது. அதுவும் நல்லதுதானுங்க. ஆனா, அந்த லேப்டாப்பு வண்டிக்காரங்க சொல்றதக் கேக்காதில்லீங்க?"

மொத்த பில் 4,200 ரூபாய். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி சத்தமே இல்லாமல் நின்ற இடத்தில் ஓடியது. பெரியப்பா நம்பாமல் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, "கேக்குதா?" என்றார். கடந்த மூன்று மாதத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒண்ணுங் கேக்கலைங்க" என்றார் பெரியம்மா.

அன்று சாயங்காலம் பெரியப்பாவே பெங்களூருக்குப் போன் போட்டார். வண்டி சரியாகிவிட்டதை மட்டும்தான் சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்கப்பா. ஆனா ராத்திரில மட்டும் டாக்ஸில போங்க" என்றான். பெரியப்பா சரி என்றார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு திருகு தளர்த்தினார்கள்.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது மெக்கானிக் அண்ணன், "நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா வாங்க. புதுப் பேக்கிங் சூட்டுல அமுங்கும். நட்ட மறுபடியும் முறுக்கணும்" என்று சொல்லியிருந்தார். பெரியப்பா அதை மறந்தே போனார். மீட்டரைப் பார்த்து ஞாபகப்படுத்தியது யார் என்று சொல்லவும் வேண்டுமா!